குரோஷா பங்குனி ஆமை: கோளாறு தெரிவது எங்கே, பிரிக்க வேண்டியது எதுவரை

முட்டம், குளச்சல் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கடலாமையை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பங்குனி ஆமை என்றால் போதும், அது எப்படித் தவழும், துடுப்பு எங்கே இருக்கும் என்று கையை விரித்துக் காட்டுவார்கள். அதனால் நாம் பின்னுகிற பொம்மையில் துடுப்பு இடம் மாறினால் முதலில் கண்டுபிடிக்கிறவர்களும் அவர்கள்தாம்.

உள்ளங்கையில் அடங்கும் அந்த ஆமையைக் குரோஷாவில் பின்னப் பல பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பாதி முடிந்த ஆமையோடு வருகிறவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: “எங்கேயோ தப்பிவிட்டது அக்கா, எங்கே என்று தெரியவில்லை.” கோணல் கண்ணில் படுகிற சுற்றில் தவறு இருப்பது அபூர்வம். இரண்டு மூன்று சுற்றுக்கு முன்னால், கை அசந்த ஓரிடத்தில் அது இருக்கும். ஆகவே ஒவ்வொரு அறிகுறிக்கும் என்ன செய்வது என்பதோடு, எதுவரை பிரிப்பது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் அளவுகள். நூல் நடுத்தரப் பருமன், ஊசி (நுனியில் கொக்கி உள்ள குரோஷா ஊசி) 2.5 அல்லது 3 மி.மீ. எல்லாம் சிங்கிள் குரோஷே, அதைப் போடும் விதத்தைக் கீழே சொல்கிறேன். சுற்றை இணைக்காமல் சுருளாகவே போக வேண்டும். ஒவ்வொரு ஸ்டிச்சையும் நான் கண்ணி என்றே சொல்கிறேன்.

ஓடு: மேஜிக் ரிங்கில் (இழுத்தால் இறுகும் நூல் வளையம்) 6 கண்ணி, பிறகு 12, 18, 24, 30, 36 என்று சுற்றுக்குச் சுற்று கூட்டல் (ஒரே கண்ணியில் இரண்டு கண்ணி போடுவது). அதன்மேல் கூட்டாமல் மூன்று சுற்று. வயிறு: அதேபோல் 6 முதல் 36 வரை, தட்டையாக. தலை: 6, 12, 18, கூட்டாமல் மூன்று சுற்று, பிறகு 12-க்குக் குறைத்து வாயைத் திறந்தே விட வேண்டும். முன் துடுப்பு இரண்டு: 6, 8, 10, கூட்டாமல் ஐந்து சுற்று, தட்டையாக அழுத்தி 5 கண்ணியில் மூட வேண்டும். பின் துடுப்பு இரண்டு: 6, 8, கூட்டாமல் இரண்டு சுற்று, 4 கண்ணியில் மூட வேண்டும். துடுப்புகளுக்குள் பஞ்சு வேண்டாம்.

கண்ணிகளுக்கு நடுவே பஞ்சு எட்டிப் பார்க்கிறது

எங்கள் மாவட்டத்தில் இது தனிக் கதை. நாகர்கோவிலுக்கு 1819-இல் வந்த மிஷனரி குடும்பத்தைச் சேர்ந்த மார்த்தா மால்ட் பெண்களுக்கு லேஸ் வேலை கற்பித்ததில் தொடங்கி, பின்னாளில் முளகுமூட்டுக் கான்வென்ட் வரை, லேஸ் இங்கே பல குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கிறது. பாட்டியிடமும் கன்னியாஸ்திரிகளிடமும் பழகிய கைகள் இன்னும் இருக்கின்றன. அந்தக் கைக்கு நூலைச் சற்றே விட்டுப் பிடிக்கத்தான் தெரியும். லேஸில் ஓட்டைதான் பூ, ஓட்டைதான் அழகு. பொம்மையில் அதே ஓட்டை வழியாகப் பஞ்சு வெளியே வருகிறது.

நன்றாக லேஸ் பின்னுகிறவர்கள் இதைக் கண்டு மிகவும் வருந்துவார்கள். கையில் கோளாறு இல்லை, ஊசியில்தான் இருக்கிறது. நூலை இறுக்கி இழுக்க முயலாதீர்கள். விரல் வலிக்கும், அடுத்த சுற்றில் ஊசி உள்ளே நுழையாது, பத்து நிமிடத்தில் கை பழைய தளர்ச்சிக்கே திரும்பிவிடும். கை அதன் போக்கில் இருக்கட்டும், ஊசியை மட்டும் அரை மி.மீ. குறையுங்கள். நூல் உருண்டையின் சீட்டில் 4 மி.மீ. என்று போட்டிருந்தால், அது சால்வைக்கும் தொப்பிக்கும் சொன்ன அளவு. பொம்மைக்கு 3 அல்லது 2.5 எடுங்கள். பின்னிய துண்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து விரலால் லேசாக நீட்டிப் பாருங்கள். வெளிச்சம் ஊசிமுனை அளவுக்குப் புள்ளியாகத் தெரிந்தால் போதும், அரிசி அளவுக்குத் தெரிந்தால் ஊசி பெரிது.

எதுவரை பிரிப்பது? முழுவதும். பாதி பெரிய ஊசி, பாதி சிறிய ஊசி என்று ஓர் ஓடு இருக்க முடியாது. முடித்து மூடிய பிறகுதான் கவனித்தீர்கள் என்றால் ஒரு வழி உண்டு: அடிப்பக்கம் ஓரிடத்தில் திறந்து பஞ்சை எடுத்து, நூலின் நிறத்திலேயே ஒரு பழைய மெல்லிய துணியில் பொட்டலமாகக் கட்டி மறுபடி உள்ளே வையுங்கள். ஓட்டை இருக்கும், ஆனால் வெள்ளை தெரியாது.

குறைக்கிற இடத்தில் மட்டும், தலையின் கழுத்துப் பக்கம், ஓட்டை விழுந்தால் ஊசியை மாற்ற வேண்டாம். இரண்டு கண்ணியைச் சேர்த்துக் குறைக்கும்போது ஒவ்வொரு கண்ணியிலும் முன் இழையில் (கண்ணியின் தலையிலுள்ள இரண்டு இழையில் நமக்கு அருகில் இருப்பது) மட்டும் ஊசியை நுழையுங்கள். முதல் கண்ணியின் முன் இழை, அடுத்த கண்ணியின் முன் இழை, பிறகு நூலைச் சுற்றி இரண்டு இழை வழியாகவும் இழுத்து, மறுபடி நூலைச் சுற்றி முடியுங்கள். குறைத்த இடம் பக்கத்துக் கண்ணிகளோடு ஒன்றிப்போகும்.

பின்னியது பலகை மாதிரி விறைக்கிறது. அல்லது கண்ணிகள் நெட்டையாக நிற்கின்றன

செய்முறைச் சொல்லில் வந்த குழப்பம் இது. ஆங்கிலேயர் வழியில் லேஸ் கற்ற மூத்தவர்கள் டபுள் குரோஷே என்று எதைச் சொல்கிறார்களோ, அதையே அமெரிக்க வழியில் சிங்கிள் குரோஷே என்கிறார்கள். பழைய ஆங்கிலேயப் புத்தகங்களில் சிங்கிள் குரோஷே என்பது வெறும் ஸ்லிப் ஸ்டிச், அதாவது இழுத்த நூலை அப்படியே ஊசியிலுள்ள இழை வழியாகவும் இழுத்துவிடும் குட்டைக் கண்ணி. எனவே பாட்டியிடம் கற்றவர் இன்றைய பொம்மைச் செய்முறையில் ‘சிங்கிள்’ என்று பார்த்து ஸ்லிப் ஸ்டிச் போட்டால் துண்டு விறைத்துச் சுருங்கும். அமெரிக்க முறையில் கற்றவர் ஆங்கிலேயப் புத்தகத்தில் ‘டபுள்’ என்று பார்த்து நெட்டைக் கண்ணி போட்டால் ஆமை வலைப்பையாகிவிடும்.

நமக்கு வேண்டிய கண்ணி இதுதான்: ஊசியை நுழைத்து நூலை இழு, ஊசியில் இரண்டு இழை இருக்கும், நூலைச் சுற்றி இரண்டின் வழியாகவும் ஒரே தடவையில் இழு. பெயர் எதுவானாலும் கை இதைச் செய்தால் சரி. வேறு எதைச் செய்திருந்தாலும் முதலிலிருந்து தொடங்குங்கள்.

ஓடு கிண்ணமாகக் குவிகிறது. வயிறு அப்பளமாக அலை அலையாக நெளிகிறது

ஏன் 6, 12, 18 என்று ஆறு ஆறாகக் கூட்டுகிறோம் என்பது தெரிந்துவிட்டால் இந்தக் கோளாறு பாதி தீர்ந்தது. சிங்கிள் குரோஷே கண்ணி ஏறக்குறைய சதுரம், அகலமும் உயரமும் சமம். ஒரு சுற்று பின்னினால் வட்டத்தின் ஆரம் ஒரு கண்ணி உயரம் கூடுகிறது. ஆரம் 1 கூடினால் சுற்றளவு 6.28 கூட வேண்டும் என்பது பள்ளிக் கணக்கு. அதனால்தான் சுற்றுக்கு ஆறு.

ஆறுக்குக் குறைவாகக் கூட்டினால் விளிம்புக்கு இடம் போதாமல் கிண்ணமாகும். கூடுதலாகக் கூட்டினால் விளிம்பு இடமில்லாமல் நெளியும். எனவே முதலில் எண்ணுங்கள். எண்ணிக்கை தவறாக இருந்தால் விடை கிடைத்துவிட்டது.

எண்ணிக்கை சரியாக இருந்தும் குவிகிறதா? உங்கள் கண்ணி சதுரமாக இல்லை, அகலத்தைவிட உயரம் அதிகம். நூலை இழுத்ததும் ஊசியை மேலே தூக்கும் பழக்கம் இருக்கிறவர்களுக்கு இப்படி வரும். ஊசியைத் தூக்காமல் துண்டோடு ஒட்டியே நகர்த்துங்கள். நெளிந்தால் நேர் எதிர்: கண்ணி குட்டையாகவும் அகலமாகவும் இருக்கிறது, இழை கொஞ்சம் மேலே வரட்டும்.

ஓடு லேசாகக் குவிந்தால் நான் பிரிக்கச் சொல்வதில்லை, ஆமை ஓடு குவியத்தானே வேண்டும். வயிறு குவிந்தாலோ நெளிந்தாலோ விடக்கூடாது. பிரித்து, தட்டையாகப் படுத்திருந்த கடைசிச் சுற்று வரை போங்கள்.

சுற்று முடிவில் கணக்கு வரவில்லை: 36-க்குப் பதில் 35, 34, 38

எல்லாரும் செய்கிற காரியம், குறைகிற இரண்டு கண்ணியைக் கடைசியில் எங்காவது கூட்டிச் சமாளிப்பது. எண்ணிக்கை வந்துவிடும், வட்டம் வராது. ஒரு பக்கம் புடைத்து நிற்கும்.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் வலை பழுது பார்க்கும் பாட்டா ஒருவர் இருக்கிறார். திண்ணையில் வலையை முழங்காலில் விரித்துக்கொண்டு உட்காருவார். கையகலக் கிழிசல் என்றால் நேரே அதைக் கட்டத் தொடங்கமாட்டார். முதலில் சிறு கத்தியால் கிழிசலின் ஓரத்தைச் சுற்றிலும் வெட்டுவார். அறுந்த நூலும் தளர்ந்த முடிச்சும் போய், உறுதியான முடிச்சுகள் மட்டும் வரிசையாக நிற்கும் வரை வெட்டுவார். கையகலக் கிழிசல் முழம் அகலம் ஆகிவிடும். பிறகுதான் வலை ஊசியில் நூலைச் சுற்றி எடுத்துக் கண்ணி கண்ணியாக நிரப்புவார். பக்கத்தில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி ஒரு நாள் கேட்டாள்: “பாட்டா, உள்ளதையும் அறுக்கிறீர்களே?” அவர் தலை நிமிராமல் சொன்னார்: “நல்ல முடிச்சில் தொடங்கினால்தான் கண்ணி ஒத்து வரும், மக்களே.” அவள் கையிலிருந்த ஆமையை அன்றைக்கே நான்கு சுற்று பிரித்தாள்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஊசியை உருவி, பெரிய இழை ஒன்றை விட்டுவிட்டுக் கடைசிச் சுற்றை எண்ணுங்கள். தவறா? அதைப் பிரித்துவிட்டு, அதற்கு முந்திய சுற்றை எண்ணுங்கள். எண்ணிக்கை சரியாக வரும் சுற்று எதுவோ அங்கேயிருந்து மறுபடி. பத்து நிமிட வேலைதான்.

கண்ணி தவறுவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள். சுற்றின் முதல் கண்ணிக்கு அடையாளம் வைக்காமல் போவது முதலாவது. கூட்டல் போட்டதும் அந்த இரண்டாவது கண்ணி பக்கத்துக் கண்ணியை மறைத்துக்கொள்ளும், அதைத் தாண்டிப் போய்விடுவது இரண்டாவது. மெல்ல விரலால் விலக்கிப் பார்த்தால் உள்ளே ஒளிந்திருக்கும். மூன்றாவது, எண்ணிக்கொண்டிருக்கும்போது அடுப்பில் பால் பொங்குவது. எழுந்து போகும் முன் ஊசியில் உள்ள இழையைப் பெரிதாக இழுத்துவிட்டுப் போங்கள், எண்ணியதை ஒரு தாளில் குறித்துவிடுங்கள்.

அடையாளத்துக்கு ஊக்கு வேண்டாம், வேறு நிற நூல் துண்டு போதும். காரணத்தைக் கீழே வேறொரு கோளாற்றில் சொல்கிறேன்.

முதல் ஆமைக்கு வெல்வெட் நூலும் வேண்டாம். தொட மிருதுவாக இருக்கும், ஆனால் கண்ணி கண்ணுக்குத் தெரியாது, எண்ண முடியாது, பிரித்தால் மயிர் உதிரும். வெளிர் நிறப் பருத்தி நூலில் ஓர் ஆமை முடித்த பிறகு அதற்குப் போகலாம்.

வட்டம் வராமல் அறுகோணம் வருகிறது

கூட்டல்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டன. ஆறு மூலை விழுந்துவிட்டது. 18-லிருந்து 24-க்குப் போகும் சுற்றில் ‘2 கண்ணி, கூட்டல்’ என்று ஆறு தடவை செய்வதற்குப் பதிலாக இப்படிச் செய்யுங்கள்: 1 கண்ணி, கூட்டல், பிறகு ‘2 கண்ணி, கூட்டல்’ ஐந்து தடவை, கடைசியில் 1 கண்ணி. மொத்தம் 24-தான், கூட்டல்கள் மட்டும் இடம் தள்ளி விழும். ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று இப்படிச் செய்தால் போதும். ஓட்டில் மூலை தெரிந்தாலும் பஞ்சு அடைத்ததும் கொஞ்சம் மறையும். இதற்காக நான் பிரிப்பதில்லை.

பின்னலின் முகம் வேறு மாதிரி இருக்கிறது. கண்ணிக்கு நடுவே படுக்கைக் கோடுகள்

உள்பக்கம் வெளியே வந்துவிட்டது. நேர்ப்பக்கத்தில் சின்னச் சின்ன ‘வி’ வரிசையாகத் தெரியும், மறுபக்கத்தில் படுக்கைவாட்டுக் கோடுகள் தெரியும். வலக்கைக்காரர் பின்னும்போது ஊசி, கிண்ணத்தின் தமக்கு அருகிலுள்ள விளிம்பில் வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். தொலைவிலுள்ள விளிம்பில், உள்ளேயிருந்து வெளியே குத்திப் பின்னுகிறவர்களுக்குப் பின்னல் புரண்டுவிடுகிறது. பிரிக்க வேண்டாம். நான்கைந்து சுற்றுக்குள் என்றால் கட்டைவிரலால் நடுவை அழுத்தி, சட்டைக்கையைத் திருப்புவதுபோல் திருப்பிவிட்டு அப்படியே தொடருங்கள்.

ஓட்டிலும் வயிற்றிலும் 36 கண்ணி. ஆனால் ஒன்று பெரிது, ஒன்று சிறிது

மிகவும் ஏமாற்றுகிற கோளாறு இது, எண்ணினால் பிடிபடாது. இரண்டையும் மேசையில் அருகருகே வைத்து, கண்ணியின் வடிவத்தைப் பாருங்கள். ஒன்றில் ‘வி’ மாதிரியும் மற்றதில் பெருக்கல் குறி மாதிரியும் இருக்கிறதா? ஊசியை நுழைத்த பிறகு நூலைக் கொக்கியின் மேலாகச் சுற்றி இழுத்தால் ‘வி’ வரும். கொக்கி நூலின்மேல் போய்க் கவ்வி இழுத்தால் பெருக்கல் குறி வரும். பெருக்கல் குறிக் கண்ணி இறுக்கமானது, குட்டையானது. அதனால் அதே எண்ணிக்கையில் வட்டம் சிறிதாகும். இரண்டு முறையும் சரியே, பொம்மைக்குப் பெருக்கல் குறிதான் எனக்குப் பிடிக்கும். ஆனால் ஓர் ஆமைக்குள் இரண்டையும் கலக்கக்கூடாது. களைப்பாக இருக்கும் இரவுகளில் கை தானாக மாறிவிடும், தெரியவே தெரியாது.

கண்ணி ஒரே மாதிரி இருந்தும் அளவு மாறுகிறதென்றால், நூலைப் பாருங்கள். ஒரே கடையில் வாங்கியதானாலும் பச்சை நூலும் வெள்ளை நூலும் பருமனில் மாறுவதுண்டு. மெல்லிய நூலுக்கு ஊசியைக் கால் அல்லது அரை மி.மீ. கூட்டிப் பின்னுங்கள். வித்தியாசம் ஒரு நெல் அகலத்துக்குள் என்றால் விட்டுவிடலாம், சேர்த்துப் பின்னும்போது இழுத்துக்கொள்ளும். அதற்குமேல் என்றால் வயிற்றை மறுபடி பின்னுங்கள். ஓட்டைத் தொட வேண்டாம், வயிறுதான் எளிது.

நடு வளையம் திறந்துகொண்டது

மேஜிக் ரிங்கின் வாலை ஒட்ட வெட்டியிருப்பீர்கள். குறைந்தது 10 செ.மீ. வால் விட வேண்டும். வளையத்தை இறுக்கிய பிறகு, மொட்டை முனை ஊசியில் அந்த வாலைக் கோத்து, உள்பக்கமாக வளையத்தைச் சுற்றி ஒன்றரை வட்டம் ஓட்டி, பிறகு எதிர்த்திசையில் திருப்பி ஒரு வட்டம் ஓட்டி வெட்டுங்கள். ஒரே திசையில் ஓட்டினால் குழந்தை இழுத்த இழுப்புக்கு அந்தத் திசையிலேயே உருவிக்கொள்ளும். வழவழப்பான நூலில் இது கட்டாயம்.

முடித்த ஆமையில் திறந்துகொண்டால், அதே நிற நூலால் முதல் ஆறு கண்ணிகளின் அடியையும் வரிசையாகக் கோத்து இழுத்துக் கட்டி, முடிச்சை உள்ளே தள்ளிவிடுங்கள்.

துடுப்பு கால் மாதிரி நிற்கிறது

பிள்ளைகள் ஒரு பார்வையில் “இது கடல் ஆமை இல்லை” என்று சொல்லிவிடுவது இந்தத் தவற்றைப் பார்த்துத்தான். நிலத்து ஆமைக்கு உடலின் கீழே தூண் மாதிரிக் கால். கடலாமைக்கு ஓட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவிலிருந்து பக்கவாட்டில் நீளும் துடுப்பு, முன்னது நீளம், பின்னது குட்டை. வயிற்றின்மேல் தைத்தால் எந்தத் துடுப்பும் காலாகிவிடும்.

வயிற்றையும் ஓட்டையும் சேர்த்துப் பின்னும்போதே துடுப்பை இடையில் செருகி, மூன்றையும் ஒன்றாகப் பின்னுங்கள். தலைக்கு நேரான இடத்திலிருந்து ஒரு பக்கமாக எண்ணுங்கள்: 5 முதல் 9 வரையிலான கண்ணிகளில் முன் துடுப்பு, 13 முதல் 16 வரை பின் துடுப்பு. மறுபக்கமும் அதேபோல். 18-ஆவது கண்ணி வாலுக்கு நேர். பின்னத் தொடங்கும் முன் துடுப்புகளை நூலால் தற்காலிகமாகக் கட்டி, ஆமையைத் தரையில் வைத்து மேலேயிருந்து ஒரு தடவை பாருங்கள். இந்த ஒரு பார்வையை நான் யாருக்கும் தள்ளுபடி செய்வதில்லை.

துடுப்பு சுருண்டுகொண்டால், நனைத்துப் பிழிந்து, தட்டையாக நீவி, அப்படியே உலரவிடுங்கள். அக்ரிலிக் நூலின்மேல் இஸ்திரிப் பெட்டியை வைக்காதீர்கள். இழை தளர்ந்து பளபளத்துவிடும், திரும்பாது.

தலை தொங்குகிறது

கழுத்தில் பஞ்சு போதவில்லை, அல்லது தலையை ஓட்டின் விளிம்பில் மட்டும் ஒட்டித் தைத்திருக்கிறீர்கள். கழுத்து வாயின் 12 கண்ணிகளில் மேலே உள்ளவை ஓட்டிலும் கீழே உள்ளவை வயிற்றிலும் பிடிக்க வேண்டும். ஒரு தடவை சுற்றித் தைத்து முடிக்கும் முன், ஊசியின் பின்முனையால் கழுத்துக்குள் இன்னும் கொஞ்சம் பஞ்சு தள்ளி, பிறகு இரண்டாம் தடவை சுற்றித் தையுங்கள்.

கழுத்து நிற்பதற்காக உள்ளே ஈர்க்குச்சியோ கம்பியோ வைக்கும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். குழந்தை கடித்துக்கொண்டு தூங்குகிற பொருள் அது.

ஒரு கண் மேலே, ஒரு கண் கீழே

சுருளாகப் பின்னும்போது கண்ணிகள் நேர்மேலே அடுக்காது, சுற்றுக்குச் சுற்று லேசாக வலப்பக்கம் சாயும். ஆகவே கண்ணிகளை நிரலாக எண்ணிக் கண் வைத்தால் மாறிப்போகும். தலையை உடலில் தைத்து முடித்த பிறகு, இரண்டு குண்டூசி குத்தி, ஆமையை எதிரே வைத்து முகத்தைப் பார்த்து இடம் முடிவு செய்யுங்கள். நான்காம், ஐந்தாம் சுற்றுக்கு நடுவே, ஆறேழு கண்ணி இடைவெளியில் வைத்தால் முகம் அமைதியாக இருக்கும். பிறகு குண்டூசிகளை எண்ணி எடுத்துவிடுங்கள்.

கண் பிளாஸ்டிக்கா, நூலா என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றால் நூல்தான். பிளாஸ்டிக் கண்ணின் பின்னால் உள்ள வில்லை எவ்வளவு உறுதியாக இருந்தாலும் பின்னல் நெகிழக்கூடியது. பல்லால் இழுத்தால் கண்ணி விரிந்து வில்லையோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். தொண்டையில் சிக்குகிற அளவு அது. கறுப்பு நூலில் ஒரே இடத்தில் நான்கைந்து இழை போட்டு, பக்கத்தில் வெள்ளையில் ஓர் இழை போட்டால் கண் உயிரோடு இருக்கும்.

வயிற்றில் செம்பழுப்புப் புள்ளி

துரு. கடற்காற்று அடிக்கும் வீட்டில் இரும்பு ஊக்கை வெள்ளை நூலில் இரண்டு நாள் விட்டால் போதும். லேஸுக்கு உரிய மெல்லிய எஃகு ஊசிகளுக்கும் இதே கதிதான். ஊசியை உபயோகித்த பிறகு துடைத்து, ஒரு துளி தேங்காயெண்ணெய் தடவித் துணியில் சுற்றி வையுங்கள். எடுக்கும்போது எண்ணெயைத் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். புள்ளி விழுந்துவிட்டால், வெள்ளைப் பருத்தி நூலாக இருந்தால் எலுமிச்சைச் சாறும் உப்பும் வைத்து வெயிலில் காட்டி அலசினால் பெரும்பாலும் மங்கிவிடும். நிற நூலில் இதைச் செய்யாதீர்கள்.

ஆமை கட்டி தட்டுகிறது, மழைக்காலத்தில் நாறுகிறது

என்ன அடைத்தீர்கள் என்பதுதான் கேள்வி. முதல் வருடங்களில் நான் வீட்டிலிருந்த இலவம் பஞ்சைத்தான் அடைத்தேன். தலையணைக்கு அருமையான பஞ்சு. ஆனால் அதன் இழை மிகமிக மெல்லியது, கண்ணி வழியே கசிந்து குழந்தையின் மூக்குக்குப் போகிறது. துவைத்தால் ஒரு மூலையில் உருண்டு நிற்கிறது. அப்படிக் கொடுத்த பொம்மைகளைத் திரும்ப வாங்கிப் பஞ்சு மாற்றிக் கொடுத்தேன். வெட்டிய நூல் துண்டுகளும் ஆகாது, வெளியே முண்டு முண்டாகத் தெரியும். பாலியஸ்டர் பஞ்சு வாங்கி, கையால் நன்றாகப் பிரித்து, சிறு சிறு பிடியாக ஓரங்களில் முதலில், நடுவில் கடைசியில் வையுங்கள். ஒரே உருண்டையாகத் திணித்தால் வயிறு பந்தாகி ஆமை உருண்டுபோகும்.

தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நம் மாவட்டத்தை நனைக்கின்றன. ஆனியிலும் ஐப்பசியிலும் துவைத்த பொம்மையின் மேல்பக்கம் உலர்ந்திருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். அதைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு மூடினால்தான் பூஞ்சை வாடை. இரண்டு கைக்கும் நடுவே வைத்து அழுத்தி, கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. கரும்பச்சை, சிவப்புப் பருத்தி நூல் என்றால் பின்னும் முன்பே ஒரு சிறு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் போகும் நூலைப் பொம்மைக்கு எடுக்காதீர்கள்.

கடற்கரைக்குப் போய் வந்த ஆமை சொரசொரக்கிறது

பிள்ளைகள் ஆமையைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போகத்தான் செய்வார்கள். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணல் பொடிப்பொடியானது, கனமானது. இல்மனைட் கலந்த அந்த மணல் வெள்ளை வயிற்றின் கண்ணிகளுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். ஈரத்தோடு தேய்த்தால் இன்னும் உள்ளே போகும். முதலில் நிழலில் முழுதாக உலரவிடுங்கள். பிறகு ஆமையைக் கவிழ்த்துப் பிடித்து, வயிறு கீழே பார்க்க, ஓட்டில் உள்ளங்கையால் தட்டுங்கள், பெரும்பகுதி உதிர்ந்துவிடும். மீதியைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் சுற்றின் போக்கிலேயே தட்டிவிட்டு, அதன்பின் நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலசுங்கள். உப்பு நின்றால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், ஆமை காயவே காயாது. துண்டில் சுற்றிப் பிழிந்து, காற்றோட்டமான நிழலில் முதலில் மல்லாக்க வையுங்கள்; வயிறு உலர்ந்ததும் கவிழ்த்து வைத்து, துடுப்புகளை இரு பக்கமும் நீவிவிடுங்கள்.